லேப்டாப் சார்ஜ் ஏறவில்லையா? சுவர் சாக்கெட்டிலிருந்து சார்ஜர் பின் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

லேப்டாப்பில் சார்ஜ் ஏறாத அன்று பலரும் முதலில் செய்வது புதிய அடாப்டர் வாங்குவது. உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. ஒரு கணினிப் பயிற்சிக்கூடத்தில் லேப்டாப்களைப் பராமரித்த ஆண்டுகளில், ‘அடாப்டர் போய்விட்டது’ என்ற சீட்டோடு என் மேசைக்கு வந்தவற்றில் பலவற்றுக்குப் பழுது அடாப்டரில் இல்லை. சில பவர் கார்டு சரியாக அழுந்தாதவை. சில எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் துளை தளர்ந்தவை. சில வேறொரு லேப்டாப்பின் சார்ஜரோடு மாறிப்போனவை. எனவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான சந்தேகத்தைக் குறைக்கிறது.

1. மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை

பழைய அடாப்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் லேபிளும் லேப்டாப்பில் செருகும் பின்னும்தான் புதியதற்கான அளவுகோல். அதனுடன் நன்றாக வேலை செய்யும் ஒரு மொபைல் சார்ஜர், ஒரு டார்ச் விளக்கு, நண்பரிடமிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ இரவல் வாங்கிய இன்னொரு பவர் கார்டு ஆகியவை போதும். சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் ஒன்று இருந்தால் ஊகத்துக்கு வேலையே இல்லை.

லேப்டாப்பின் அடிப்பக்கத்தை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாடல் எண்ணும், அந்த லேப்டாப்புக்கு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் தேவை என்பதும் பெரும்பாலும் அங்கேதான் அச்சிடப்பட்டிருக்கும். கடைக்குப் போன பிறகு லேப்டாப்பைக் கவிழ்த்துப் பொடி எழுத்தைப் படிக்க முயல்வதைவிட இது எளிது.

2. முதலில் சுவர், அடுத்து கார்டு

லேப்டாப்பின் இணைப்பை எடுத்துவிட்டு, அதே சாக்கெட்டில், அதே துளையில், மொபைல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக இணைத்திருந்தால் அதை விலக்கிவிட்டுச் சுவரிலேயே சோதிக்க வேண்டும். பாக்ஸில் ஒரு துளையில் மின்சாரம் வருவதால் பக்கத்துத் துளையிலும் வரும் என்று கொள்ளக் கூடாது, ஏனெனில் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகள் துளைக்குத் துளை தளர்ந்துபோகக் கூடியவை.

சுவர் சரி என்றால் அடுத்தது பவர் கார்டு, அதாவது சுவர் பிளக்குக்கும் அடாப்டர் பெட்டிக்கும் நடுவே இருக்கும், தனியே கழற்றக்கூடிய வயர். அது அடாப்டருக்குள் நுழையும் முனை, மூன்று வட்டங்கள் சேர்ந்தாற்போல் இருக்கும். கடைக்காரர்கள் இதை ‘மிக்கி மவுஸ் கார்டு’ என்றே சொல்வார்கள், தர நிர்ணயப் பெயர் சி5. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான். இந்த முனை உள்ளே போய்விட்டதுபோல் தோன்றும்போதே இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நிற்கும். கட்டை விரலால் அழுத்தமாகத் தள்ளி, அடாப்டரின் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் இரவல் கார்டைப் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்துவிட்டால் உங்கள் செலவு ஒரு கார்டின் விலையோடு முடிந்தது.

3. அடாப்டரைச் சோதிப்பது

கார்டை மாற்றியும் விளக்கு எரியாவிட்டால் அடாப்டரின் மேல் சந்தேகம் வலுக்கிறது. விளக்கே இல்லாத அடாப்டர்களும் உண்டு என்பதால், இங்கே மல்ட்டிமீட்டர் உதவும். மீட்டரை டிசி வோல்ட் நிலையில் 20-க்கு மேற்பட்ட அளவுக்கு, வழக்கமாக 200-க்கு, வைத்துக்கொண்டு, லேப்டாப்பில் செருகும் உருளைப் பின்னின் உட்சுவரில் சிவப்பு முனையையும் வெளிச்சுவரில் கறுப்பு முனையையும் தொடுங்கள். லேபிளில் 19.5 வோல்ட் என்றிருந்தால் மீட்டரிலும் ஏறக்குறைய அதுவே வர வேண்டும். சிவப்பு முனை உள்சுவரையும் வெளிச்சுவரையும் ஒருசேரத் தொட்டுவிட்டால் அடாப்டர் தன்னைப் பாதுகாத்துக்கொள்ள அணைந்துவிடும். பதற வேண்டாம், சுவரில் சுவிட்சை அணைத்து, சற்றுப் பொறுத்து மீண்டும் போட்டால் பெரும்பாலும் உயிர்பெற்றுவிடும்.

பின்னின் நடுவே ஊசிபோல் மெல்லிய கம்பி இருந்தால் கவனம் தேவை. டெல் லேப்டாப்களின் பின்னில் இந்த ஊசி மின்சாரம் தருவதற்காக வைக்கப்பட்டதன்று. அடாப்டர் எத்தனை வாட் என்பதை லேப்டாப்புக்குத் தெரிவிக்கும் அடையாள இணைப்பு அது. ஊசியில் சிவப்பு முனையை வைத்துப் பார்த்து, 19.5 வரவில்லையே என்று நல்ல அடாப்டரைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மீட்டர் காட்டும் அளவு சரியாக இருக்கும்போதே, வயரைப் பின்னுக்குப் பக்கத்திலும் பெட்டிக்குப் பக்கத்திலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் உள்ளே செப்பு இழைகள் அறுந்திருக்கின்றன. வயர் எப்போதும் இந்த இரண்டு கழுத்துகளில்தான் முதலில் அறும். மேலே இன்சுலேஷன் டேப் சுற்றுவதால் உள்ளே அறுந்தது ஒட்டிக்கொள்ளாது; மிச்சமிருக்கும் சில இழைகள் முழு மின்னோட்டத்தையும் சுமந்து சூடாகும்.

இன்னொரு நிலையும் உண்டு. தனியே இருக்கும்போது விளக்கு எரிகிறது, லேப்டாப்பில் செருகியவுடன் அணைகிறது. இப்படியானால் லேப்டாப்பின் ஜாக்கிலோ மதர்போர்டிலோ ஷார்ட் இருக்கலாம், அல்லது அடாப்டர் பளு தாங்காத அளவுக்கு நலிந்திருக்கலாம். அதே மாடலுக்கான வேறோர் அடாப்டரை இரவல் வாங்கிச் செருகினால் எது என்று தெரிந்துவிடும். அதுவும் அணைந்தால், சார்ஜர் வாங்குவதை நிறுத்திவிட்டுச் சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும்.

4. லேபிளில் எந்த வரியைப் படிப்பது

அடாப்டர்தான் பழுது என்று உறுதியான பிறகே லேபிளுக்கு வருகிறோம். அதில் இரண்டு வரிகள் இருக்கும். இன்புட் வரியில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ், 1.5 ஆம்பியர் என்பதுபோல் எழுதியிருக்கும். அது சுவரிலிருந்து அடாப்டர் எடுப்பது. நமக்கு வேண்டியது அவுட்புட் வரி. இன்புட் வரியின் 1.5 ஆம்பியரைப் படித்துவிட்டு அதே அளவுள்ள சார்ஜரைத் தேடி அலைபவர்கள் உண்டு.

அவுட்புட் வரியில் முதலில் வோல்ட்டைப் பாருங்கள். இது பொருந்தியே ஆக வேண்டும். 19, 19.5, 20 ஆகிய மூன்றும் வழக்கமாகக் காணப்படுபவை. பழையது 19.5 என்றால் புதியதும் 19.5 ஆக இருப்பதே சரி. அரை வோல்ட் குறைவதையோ கூடுவதையோ லேப்டாப்கள் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும் என்றாலும், வாய்ப்பு இருக்கும்போது அந்தச் சலுகையைக் கேட்பானேன்?

அடுத்து ஆம்பியர். இது பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. கிணற்றில் எவ்வளவு நீர் இருந்தாலும் வாளி கொள்ளும் அளவே மேலே வரும், அதுபோல 4.62 ஆம்பியர் தரவல்ல அடாப்டரிலிருந்தும் லேப்டாப் தனக்கு வேண்டிய 3.34 ஆம்பியரையே எடுக்கும். மாறாக, 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் அடாப்டரைக் கொடுத்தால், அது சூடாகும், இடையிடையே அணையும், அல்லது வேலை செய்துகொண்டிருக்கும்போதே பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும்.

வாட் என்பது இந்த இரண்டின் பெருக்கல்தான். 19.5 வோல்ட்டை 3.34 ஆம்பியரால் பெருக்கினால் 65 வாட். 20 வோல்ட்டும் 3.25 ஆம்பியரும் சேர்ந்தாலும் அதே 65. ஆகவே ‘65 வாட் சார்ஜர் வேண்டும்’ என்று மட்டும் கடையில் கேட்பது போதாது.

லேபிளில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமும், இரு பக்கமும் கூட்டல் கழித்தல் குறிகளும் வரைந்திருக்கும். நடுப்புள்ளி கூட்டல் குறியோடு இணைந்திருந்தால் பின்னின் உட்பகுதி பாசிட்டிவ் என்று பொருள். லேப்டாப்களில் இதுவே வழக்கம். ஆனாலும் பழைய அடாப்டரின் படமும் புதியதன் படமும் ஒன்றா என்று பார்த்துக்கொள்வதில் நட்டமில்லை.

5. பின்னின் அளவு

பின் உள்ளே நுழைந்துவிட்டது என்பதாலேயே பொருந்திவிட்டது என்று நினைப்பது தவறு. உருளைப் பின்னுக்கு வெளிவிட்டம், உள்விட்டம் என இரண்டு அளவுகள் உண்டு. ஏசரின் பல மாடல்களில் 5.5-க்கு 1.7 மில்லிமீட்டர், லெனோவோவின் பல மாடல்களில் 4.0-க்கு 1.7, அசூஸின் மெல்லிய மாடல்கள் பலவற்றில் 4.0-க்கு 1.35. கடைசி இரண்டுக்கும் வெளிவிட்டம் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். உள்விட்டம் மாறினால் பின் லூஸாக நிற்கும், தீப்பொறி தட்டும், கருகும். அல்லது ஜாக்கின் நடு ஊசியை வளைத்துவிடும். பத்தில் மூன்று மில்லிமீட்டரைச் சாதாரண ஸ்கேலில் அளக்க முடியாது என்பதால்தான் பழைய அடாப்டரைக் கையோடு கொண்டுபோகச் சொல்கிறேன்.

நடு ஊசி உள்ள 4.5-க்கு 3.0 பின் டெல்லிலும் உண்டு, எச்பியிலும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றின் ஜாக்கில் மற்றது தாராளமாக நுழையும். ஆனால் ஊசி வழியே அடையாளம் சொல்லும் முறை இரண்டிலும் வேறு. டெல் லேப்டாப் தன் அடாப்டரை அடையாளம் காண முடியாதபோது, அடாப்டர் வகையை அறிய முடியவில்லை என்று திரையில் அறிவித்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். பேட்டரியை மட்டும் சார்ஜ் செய்யாது. ‘லேப்டாப் ஓடுகிறது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை’ என்ற புகார் வந்தால் பேட்டரியை மாற்றுவதற்கு முன் இதைச் சோதியுங்கள். அறுந்த வயரை வெட்டி ஒட்டிக் கொடுக்கும்போது ஊசிக்குப் போகும் மூன்றாவது மெல்லிய வயரை விட்டுவிட்டாலும் இதே விளைவுதான்.

6. டைப்-சி சார்ஜர் என்றால்

யுஎஸ்பி டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லேப்டாப்களில் பின் அளவுத் தொல்லை இல்லை. தொல்லை கேபிளுக்கு இடம் மாறியிருக்கிறது. இந்தச் சார்ஜர் முதலில் 5 வோல்ட்டில் தொடங்கி, லேப்டாப்போடு பேசி, 9, 15, 20 என்று ஒத்துக்கொண்ட அளவுக்கு உயரும். எதுவும் இணைக்காதபோது அது மின்சாரமே வெளியிடாது. எனவே மல்ட்டிமீட்டரில் சுழியம் வந்தால் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். மொபைலில் செருகிப் பார்ப்பதும் பாதிச் சோதனைதான். மொபைலுக்கு 5 அல்லது 9 வோல்ட் தருகிற சார்ஜர், லேப்டாப்புக்கு வேண்டிய 20 வோல்ட்டைத் தராமல் போகலாம்.

கேபிளைப் பொறுத்தவரை, இரு முனையும் டைப்-சி ஆன சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் வரை தாங்கும்; 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் கேபிள் தேவை. அதனுள் ஒரு சில்லு இருந்து ‘என்னால் 5 ஆம்பியர் தாங்க முடியும்’ என்று சார்ஜரிடம் தெரிவிக்கும். அந்தச் சில்லு இல்லையென்றால் 100 வாட் சார்ஜரும் 60 வாட்டோடு நின்றுவிடும். சார்ஜரைக் குறை சொல்லி இரண்டு முறை மாற்றிக்கொண்டு வந்த ஒருவருக்கு, மூன்றாவது முறை கேபிளை மாற்றியபோதுதான் சிக்கல் தீர்ந்தது. 100 வாட் அல்லது 240 வாட் என்று கேபிளின் முனையிலேயே குறித்திருப்பதை வாங்குங்கள்.

இரண்டு மூன்று துளைகள் உள்ள சார்ஜரில், அட்டையில் எழுதியிருக்கும் வாட் ஒரே ஒரு துளையைப் பயன்படுத்தும்போது கிடைப்பது. பக்கத்தில் மொபைலைச் செருகியவுடன் லேப்டாப்பின் பங்கு குறையும். மேலும், லேப்டாப்பில் டைப்-சி துளை இருந்தாலே அது சார்ஜ் ஏற்கும் என்று பொருளில்லை. சில மாடல்களில் அது தரவுப் பரிமாற்றத்துக்கு மட்டுமே. மாடலின் கையேட்டில் பார்த்த பிறகு வாங்குவது நல்லது.

7. கடையில் செய்ய வேண்டியது

லேப்டாப், பழைய அடாப்டர் இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர்க் கடைவீதியானாலும், லேப்டாப்பில் செருகிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பேட்டரி நிரம்பிய நிலையில் கொண்டுபோகாதீர்கள். நிரம்பிய பேட்டரிக்கு அடாப்டர் அதிகம் உழைக்க வேண்டியதில்லை என்பதால் மட்டமானதும் தேறிவிடும். பாதிக்குக் கீழே இறங்கிய பேட்டரியோடு போய், பத்து நிமிடமாவது ஓடவிட்டு, பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கை வைக்க முடியாத சூடும் பிளாஸ்டிக் நாற்றமும் இயல்பல்ல.

இந்தியாவில் விற்கப்படும் லேப்டாப் அடாப்டர்கள், கட்டாயப் பதிவு ஆணையின்படி, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் (பிஐஎஸ்) பதிவு பெற்றிருக்க வேண்டும். லேபிளில் தர எண்ணும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் அதைத் தொடர்ந்து எட்டு இலக்கங்களும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டால் எந்த உற்பத்தியாளருக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்று தெரியும். எண் இருந்தும் செயலியில் வரும் பெயர் அட்டையில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்றால் அந்த அடாப்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

8. பவர் கார்டும் எர்த்தும்

லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொடும்போது விரலில் மெல்லிய விறுவிறுப்பு தெரிகிறது, ‘ஷாக் அடிக்கிறது’ என்று சொல்வார்கள். அடாப்டருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். மூன்று பின் அடாப்டரில் எர்த் இணைப்பு இருந்தால் அது அவ்வழியே இறங்கிவிடும், இல்லாதபோது உங்கள் விரலைத் தேடுகிறது. எனவே லேப்டாப்பைச் சந்தேகிப்பதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்.

எர்த் அறுபடும் வழக்கமான இடங்கள் மூன்று. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் துளையில் செருகப் பயன்படுத்தும் சிறு மாற்றி முதலாவது; மூன்றாவது பின் வேண்டாததென்று அதை உடைத்துவிடுவது இரண்டாவது; சுவர்ச் சாக்கெட்டின் மேல்துளைக்குப் பின்னால் எர்த் வயரே இழுக்கப்படாமல் இருப்பது மூன்றாவது. கடைசி வகையை டெஸ்டரால் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் எர்த் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் துளையில் டெஸ்டர் எரியாது. எலக்ட்ரீஷியனிடம் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும்.

புதிய கார்டு வாங்கும்போது மூன்று பின் பிளக்கும், பிளக்கில் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கேமிங் லேப்டாப்களின் அடாப்டருக்கு, டெஸ்க்டாப் கணினிக்கு வரும் பட்டையான சி13 கார்டு தேவைப்படலாம். முனையைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

9. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

இங்கேதான் தவறுகளின் விலை அதிகம். வழக்கமான பாக்ஸ் 6 ஆம்பியர் அளவுடையது. 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 1,380 வாட். 65 வாட் அடாப்டர் அதில் ஒரு மூலை. ஐந்தாறு லேப்டாப்கள் சேர்ந்தாலும் பாக்ஸுக்குக் கவலையில்லை. அதே பாக்ஸில் 1,500 வாட் கெட்டிலைச் செருகினால் அது ஒன்றே எல்லையைத் தாண்டிவிடுகிறது. 1,000 வாட் அயர்ன் பாக்ஸோ ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகவே லேப்டாப்புக்கான பாக்ஸில் சூடேற்றும் சாதனம் எதையும் செருகுவதில்லை என்று வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது வயரைக் கவனியுங்கள். மேலே மூன்று துளைகள் இருக்கும், ஆனால் சுவரில் செருகும் பிளக்கில் இரண்டே பின்கள் இருக்கும். அப்படியானால் மூன்றாவது துளை வெறும் அலங்காரம், எர்த் கிடையாது. வயரின் மேல் 3 கோர் என்றும் செப்புக் கம்பியின் தடிமனும் அச்சிட்டிருக்க வேண்டும். குறைந்தது 0.75 சதுர மில்லிமீட்டர்; ஐந்து மீட்டருக்கு மேல் நீளம் வேண்டுமானால் 1.0 அல்லது 1.5 எடுப்பேன். நீளம் கூடக் கூட வயரில் இழக்கும் வோல்ட்டும் கூடும்.

ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகாதீர்கள். இரண்டாவதில் உள்ள எல்லாச் சாதனங்களின் பளுவும் முதலாவதின் ஒரே துளை வழியாகப் போகிறது, அந்தத் துளையின் தகடு அதற்காகச் செய்யப்பட்டதன்று. மீதமுள்ள வயரைச் சுருளாகக் கட்டி விரிப்புக்கடியில் ஒளிப்பதும் கூடாது. சுருளில் உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உறை இளகும்.

ஸ்பைக் கார்டு (இங்கே ‘கார்டு’ என்பது காவல், வயர் அன்று) என்று விற்கப்படுவதில், திடீரென உயரும் வோல்ட்டை உறிஞ்சும் ஒரு பாகம் உள்ளே இருக்கும். ஒவ்வொரு அடியையும் வாங்கி அது மெல்லத் தேயும்; அதன் முழுப் பாதுகாப்புக்கும் நல்ல எர்த் தேவை. எர்த் இல்லாத சாக்கெட்டில் விலையுயர்ந்த ஸ்பைக் கார்டைச் செருகுவதைவிட, அந்தப் பணத்தில் எர்த்தைச் சரிசெய்யலாம். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையே உருவிவிடுவதற்கு ஈடான கருவி எதுவும் இல்லை.

10. செருகும் வரிசையும் சுருட்டும் முறையும்

சுவிட்சை அணைத்த நிலையில் பிளக்கைச் செருகி, அடுத்து கார்டை அடாப்டரில் அழுத்தி, பின்னை லேப்டாப்பில் பொருத்தி, கடைசியாகச் சுவிட்சைப் போடுங்கள். அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் முதல் நொடியில் மின்னோட்டத்தை வேகமாக இழுக்கும். சுவிட்ச் போட்ட நிலையிலேயே செருகினால் அந்தப் பொறி பிளக்கின் பின்னிலும் சாக்கெட்டின் தகட்டிலும் தட்டி, நாளடைவில் இரண்டையும் கருக்கும். சுவிட்ச் அதற்கென்றே செய்யப்பட்டது.

சுருட்டும்போது வயரைப் பெட்டியின் மேல் இறுக்கிச் சுற்றாதீர்கள். வயர் பெட்டியைவிட்டு வெளிவரும் இடத்தில் முதலில் ஒரு தளர்வான வளையம் விட்டு, மிச்சத்தைக் கையளவு வட்டமாகச் சுருட்டி, வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். மூன்றாவது படியில் சொன்ன கழுத்து அறுபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில் தினமும் விழும் மடிப்பால்தான்.

வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட லேப்டாப்கள் இருந்தால், புதிய அடாப்டர் வந்த அன்றே ஒரு துண்டு வெள்ளை டேப்பில் லேப்டாப்பின் பெயரையும் வோல்ட்டையும் வாட்டையும் எழுதி அதன் மேல் ஒட்டிவிடுங்கள். கார்டு தனியே கழன்று போகக்கூடியது என்பதால் அதிலும் ஒன்று ஒட்டுங்கள்.